டோக்கன் 218-இன் முகம்

இன்பராஜ் என்ன வேலை செய்கிறான் என்று ஆம்பூரில் அவன் தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறான் என்று ஒருவர் சொல்வார். போன் ரிப்பேர் என்று இன்னொருவர் சொல்வார். "ஏசி ரூம்ல உட்கார்ந்துகினு இன்னாவோ தட்டிட்டே இருப்பான், கேட்டா ஆப்புன்னுவான்" என்பது அவன் அக்கா விஜயகுமாரி சொல்லிவந்த பதில். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு விவரம் கேட்டதில்லை.

பைபாஸ் ரோட்டை ஒட்டியிருக்கும் ஒரு ஷூ கம்பெனியின் வருகைப் பதிவு ஆப்தான் அவன் வேலை. எழுதியவனும் அவன்தான், அது மக்கர் செய்தால் ஓடுகிறவனும் அவன்தான். அறுநூற்று நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனி, முக்கால்வாசிப் பேர் பெண்கள். காலை ஏழே முக்காலுக்குச் சங்கு. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொருத்தியாகக் கேட்டில் தன் டோக்கன் நம்பரைச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் தன் கையிலிருக்கும் போனில் அதைத் தட்டுவார். அந்த நம்பருக்கான முகம் திரையில் வரும். எதிரே நிற்கும் முகமும் அதுவும் ஒன்றாக இருந்தால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு.

சிவப்பு விழுந்தால் அதை அழிக்க முடியாது. ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி வேலைக்கு வந்துவிடக் கூடாது என்பதில் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் ஆடிட்காரர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். யாரும் பின்னால் கைவைக்க முடியாதபடி கட்டுங்கள் என்றார்கள். இன்பராஜ் அப்படியே கட்டினான், தானும் கைவைக்க முடியாதபடி. பயிற்சியில் இருக்கும் புது ஆளுக்கு மூன்று சிவப்பு விழுந்தால் பெயர் தானாகவே பட்டியலிலிருந்து போய்விடும். அவளை மறுபடி எடுக்க ஆறு மாதம் ஆகும்.

விஜயகுமாரி அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் ஸ்கைவிங் மெஷினில் இருந்தாள். தைப்பதற்கு முன்னால் தோல் துண்டின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குகிற வேலை. கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் துண்டு கிழியும், குறைவாகச் சீவினால் மடிக்கும்போது புடைக்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டே பேர். சென்னையில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்காக மேனேஜரிடம் போய் நின்றவளும் அவள்தான். ஏப்ரலில் மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் வீட்டில் ஒரே ஆள்.

அவளுடைய டோக்கன் நம்பர் 218.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டைம் ஆபீசிலிருந்து இன்பராஜுக்கு ஒரு மெயில் வந்தது. புது ஆள் எழிலரசி, ஸ்கைவிங், டோக்கன் 218, புகைப்படம் இணைப்பில். அவ்வளவுதான். இன்பராஜ் அதை நான்கு தடவை படித்தான். பிறகு டைம் ஆபீஸ் மக்பூல் அகமதுவிடம் போனான். முப்பது வருடமாக வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லோருக்கும் மக்பூல் பாய்.

"பாய், 218 அக்கா நம்பராச்சே?"

மக்பூல் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "நம்பர் ஆளுக்குக் கிடையாது தம்பி. மெஷினுக்கு. உங்க அக்கா வர்றதுக்கு முன்னாடி அதுல பாக்யலட்சுமின்னு ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களும் 218தான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பாக்யலட்சுமி என்ற பெயரையே அவன் இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

"இந்த வருஷம் எடுத்தவங்க எல்லாம் புது லைனுக்குப் போனாங்க, புது நம்பர் குடுத்துட்டோம்" என்றார் பாய். "உன் ஆப்பு வந்ததுக்கு அப்புறம் பழைய சீட்டுல புது ஆள் உட்கார்றது இதான் முதல் தடவை. ஸ்கைவிங்கைக் காலியா விட முடியாதுப்பா. லைன் நின்னுடும்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்குக் கஷ்டமா இருந்தா விடு, போட்டோவ வேற யாரையாவது விட்டு மாத்தச் சொல்றேன்" என்றார்.

"வேற யாருக்குத் தெரியும், பாய்?"

திரும்பி வந்து உட்கார்ந்தான். சர்வரில் எல்லாப் படங்களும் நம்பர் பெயரிலேயே இருந்தன. 217 என்று ஒரு படம், 218 என்று ஒரு படம், 219 என்று ஒரு படம். புதுப் படத்தை ஏற்றினான். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கேட்டது. சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் பார்த்தபடியே ஆமாம் என்று அழுத்தினான்.

வியாழக்கிழமைதான் எழிலரசி முதன்முதலாகக் கேட்டுக்கு வந்தாள். எட்டேகாலுக்கு ஜான்சன் போன் செய்தார். முதல் கேட்டின் வாட்ச்மேன். அக்காவும் தம்பியும் போகும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுப்பவரும் அவரே.

"இன்பா, புதுப் பொண்ணு ஒண்ணு, 218. தட்டுனா நம்ம விஜி முகம் வருதுப்பா."

"மாத்திட்டேன் அண்ணா. செவ்வாய்க்கிழமையே மாத்திட்டேன்."

"நீ மாத்திட்டே. எனக்கு வருதே. நான் இன்னா பண்றது, செவப்பு அமுக்கிட்டேன். பச்ச போட்டு நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா என் வேல போய்டும்." பிறகு, சூழ்நிலையை லேசாக்கலாம் என்று நினைத்து, "உங்க அக்காவுக்கு லீவு போடறது புடிக்காதுன்னு தெரியும், அதுக்காக இப்படியா" என்றார். சொன்ன உடனே அவருக்கே சங்கடமாகிவிட்டது. "தப்பா நெனச்சுக்காத தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இன்பராஜ் தன் போனில் 218 என்று தட்டினான். எழிலரசிதான் வந்தாள். மெலிந்த முகம், கேமராவைப் பார்த்து மிரண்ட கண்கள். சர்வரிலும் அவள்தான் இருந்தாள். படியிறங்கிக் கேட்டுக்கே போய், ஜான்சனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் போனில் தட்டினான். எழிலரசி. ஜான்சன் தன் போனில் தட்டினார். "இதோ பாரு, விஜி" என்று நீட்டினார்.

இன்பராஜ் பார்க்கவில்லை. நீட்டிய போனை வாங்கினான், ஆனால் திரையைப் பார்க்காமலே செட்டிங்ஸுக்குள் போய்விட்டான்.

அவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஆப் ஒரு படத்தை ஒரு தடவை இறக்கினால் ஒரு பிரதியைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே பெயரில் கேட்டால் சர்வர்வரை போகாமல் கையிலிருப்பதை எடுத்துக் காட்டும். அதற்குத்தான் கேஷ் என்று பெயர். சர்வரில் படம் மாறியது ஜான்சனின் போனுக்குத் தெரிந்திருக்காது. இன்பராஜ் தன் போனில் தினமும் ஆப்பை அழித்து அழித்துப் புதிதாக ஏற்றுகிறவன், ஆகவே அவனிடம் பழைய பிரதி தங்காது. விஷயம் இவ்வளவுதான். மூன்று கேட் போன்களிலும் சேர்த்து வைத்திருந்த படங்களையெல்லாம் துடைத்துவிட்டு மேலே போனான். மனம் கொஞ்சம் அடங்கியது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது சிவப்பு விழுந்தது.

இப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் புரியாமல் போனது. போனைத் துடைத்தாகிவிட்டது. சர்வரில் படம் இல்லை. அக்காவின் முகம் எங்கும் இல்லை. இருந்தும் கேட்டில் வருகிறது. ஆப் எழுதியதில் எங்காவது படத்தின் பெயரைத் தப்பாகக் கேட்கிறதா என்று தேடினான். இல்லை. போனின் தேதி நேரம் தவறா? இல்லை. ஜான்சன் பழைய ஞாபகத்தில் வேறு யாரையோ பார்த்து விஜி என்கிறாரா? அப்படியென்றால் ஏன் மற்ற இரண்டு கேட்களிலும் அவளே வருகிறாள்? ஒரு நிமிடம், தான் செவ்வாய்க்கிழமை ஆமாம் என்று அழுத்தியது உண்மைதானா என்றுகூடச் சந்தேகம் வந்தது. அந்த வாரம் அவன் இரண்டு தடவை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தான். அப்படிப்பட்டவன் எதைத்தான் நிச்சயமாகச் சொல்வது?

மக்பூல் பாய் அவன் அறைக்கே வந்துவிட்டார். பின்னால் எழிலரசி. ஊர் கணியம்பாடி, வாழ்க்கைப்பட்டது மாதனூருக்கு. ஸ்கைவிங் தெரிந்தவள் என்பதால் உடனே எடுத்தார்கள். வேலைக்கான நீலக் கோட்டைப் போட்டிருந்தாள், அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"சார், நாளைக்கும் செவப்பு வந்தா என் பேரு போய்டுமாம். நெசமா?"

"ஆமா."

மறைத்துச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? மூஞ்சி என்னுதுதான? வூட்ல சண்ட போட்டுட்டு வந்து சேர்ந்தேன். ரெண்டு நாள்ல தொரத்திட்டாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க."

"உன் மேல தப்பு இல்லம்மா" என்றார் மக்பூல் பாய். பிறகு இன்பராஜிடம், "தம்பி, பேஜார் புடிச்ச வேலைதான். ஆனா நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணு முகம் வரணும். வருமா?"

"எங்கிருந்து வருதுன்னே தெரியல பாய்."

"ஜான்சன் போன்ல இன்னா வருதுன்னு பார்த்தியா?"

மக்பூல் பாய் அவனையே பார்த்தார். "பார்க்கலியா?" என்றார், மெதுவாக.

மூன்று பேரும் கேட்டுக்குப் போனார்கள். ஜான்சன் 218 என்று தட்டிவிட்டுப் போனைக் கொடுத்தார். இந்தத் தடவை இன்பராஜ் பார்த்தான்.

அக்காதான். ஆனால் அவன் நினைத்திருந்த படம் இல்லை. செவ்வாய்க்கிழமை அவன் சர்வரிலிருந்து நீக்கிய படத்தில் அவள் நீலக் கோட் போட்டு, வாயை இறுக்கி மூடி, பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நிற்பாள். இதில் பச்சைப் புடவை. வாய் பாதி திறந்திருக்கிறது. வலது கை தூக்கியபடி மங்கலாகத் தெரிகிறது. யாரையோ திட்டுகிறாள்.

யாரையோ இல்லை, அவனைத்தான்.

"இந்தப் போட்டோ எப்ப அண்ணா வந்துது?"

"எப்ப வந்துதுன்னா? எப்பவும் இதான் வரும். முதல்ல இருந்தே விஜிக்கு இந்தப் போட்டோதான்."

"நீலக் கோட் போட்டது?"

"அப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்லியே."

இன்பராஜ் கேட் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவன் நினைவு போன ஆகஸ்ட் மாதத்துக்குப் போனது. ஆப்பைச் சோதித்துப் பார்த்த முதல் நாள். மற்றவர்களையெல்லாம் படமெடுத்தாகிவிட்டது, அக்காவை மட்டும் கேட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். அன்று காலை கேட்டில் இன்டர்நெட் தவழ்ந்து வந்தது. ஒவ்வொரு முகமும் வர அரை நிமிடம் ஆனது. வரிசை பஸ் நிற்கும் இடம்வரை நீண்டது. "டேய் இன்பா, உன் ஆப்பு வர்றதுக்குள்ள எனக்கு அரை நாள் கட் ஆய்டும் போலக்கீதே! இதுக்குத்தான் உன்ன இன்ஜினியர் ஆக்குனாங்களா?" என்று அவள் கத்த, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கையை ஓங்கிய அந்த நேரத்தில் அவன் விரல் பொத்தானில் பட்டுவிட்டது. அதுதான் இந்தப் படம்.

அன்று சாயங்காலமே அவன் ஒரு வழி செய்தான். கேட் ரூமில் மேசைக்கடியில் ஒரு சின்ன பெட்டி, உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எல்லாப் படங்களையும் ஒரு தடவை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கேட் போன்கள் சர்வரைத் தேடிப் போக வேண்டாம், பெட்டியிடம் கேட்டால் போதும். ஒரு வருடத்துக்குச் சர்வர் பக்கமே திரும்பாதே என்று பெட்டிக்குச் சொல்லிவைத்தான். முகம் எங்கே மாறிவிடப் போகிறது? 218 என்றால் அக்கா. அவன் ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து 218 என்றால் அக்காதான். மறுநாளிலிருந்து வரிசை ஓடியது. மறுநாள்தான் அவள் அவன் போனில் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இப்படி எடுத்து வெச்சிருக்க, ராட்சசி மாதிரி, வேற எடு" என்று நீலக் கோட் போட்டு வந்து நின்றாள். அவனும் எடுத்து, சர்வரில் 218 என்ற அதே பெயரில் மாற்றிவைத்தான். பெட்டிக்கு அது தெரியவே இல்லை. திரை வாட்ச்மேன் பக்கமே இருக்கும் என்பதால் அக்காவுக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் ஒவ்வொரு காலையும் அவள் தம்பியைத் திட்டியபடியே உள்ளே போயிருக்கிறாள்.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். தூசி படிந்த பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் இதை மறந்தே போயிருந்தான். அவன் போன் சொந்த இன்டர்நெட்டில் ஓடுவது. அது பெட்டியிடம் கேட்பதே இல்லை.

"பாய், கண்டுபுடிச்சிட்டேன்" என்றான்.

"சரி ஆக்க எவ்ளோ நேரம்?"

இரண்டு வழிகள் இருந்தன. பெட்டியில் அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தால் போதும், ஒரு நிமிட வேலை. பெட்டி சர்வரிடம் போய்ப் புதுப் படத்தை வாங்கி வந்துவிடும். ஆனால் நாளைக்கு இன்னொரு பழைய சீட்டில் புது ஆள் உட்கார்ந்தால் மறுபடி இதே கதை. இரண்டாவது வழி, படங்களுக்கு டோக்கன் நம்பரைப் பெயராக வைப்பதையே விட்டுவிடுவது. கம்பெனியில் சேர்ந்த வரிசையில் ஆளுக்கு ஒரு எண், அவள் போனாலும் வேறு யாருக்கும் கிடைக்காத எண். கூடவே படம் எடுத்த தேதி. படம் மாறினால் பெயரும் மாறும், எந்தப் பெட்டியும் பழையதைக் காட்ட முடியாது. அறுநூற்று நாற்பது படங்களுக்கும் பெயர் மாற்ற வேண்டும். ஆப்பையும் மாற்றி மூன்று போன்களிலும் ஏற்ற வேண்டும். எங்காவது பிசகினால் நாளைக் காலை எழிலரசி வெளியே.

"சாயங்காலம் ஆய்டும்" என்றான்.

இரண்டாவதுதான் சரியான வேலை. அதில் சந்தேகமில்லை. ஆனால் சரி என்பதற்காகத்தான் அதை எடுத்தானா, அந்த ஒரு நிமிட வேலைக்குக் கை வராததால் எடுத்தானா என்று நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே யோசித்தான். இரண்டையும் செய்திருக்கலாம். நாளைக்கு ஆபத்தே இல்லாமல் போயிருக்கும். அந்தப் பெண்ணின் வேலையைப் பணயம் வைத்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று இரண்டு தடவை எழுந்து கேட் ரூம் வரை போனான். இரண்டு தடவையும், விளக்கு எரிகிறதா என்று பார்க்க வந்தவன்போல் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். படத்தைத் தன் போனுக்கு நகல் எடுத்துக்கொண்டதென்னவோ உண்மை. அதில் கஷ்டம் இல்லை. பெட்டியிலிருந்து எடுப்பதில்தான் கை நின்றது. காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஐந்து மணிக்கு மூன்று போன்களிலும் தட்டிப் பார்த்தான். மூன்றிலும் எழிலரசி. சோதனைக்கு இறக்கியதைப் போன்களிலிருந்து துடைத்துவிட்டுக் கிளம்பினான். வியாழக்கிழமையும் எல்லாம் சரி என்றுதான் நினைத்திருந்தான்.

சனிக்கிழமை ஏழரைக்கே கேட்டில் நின்றான். மக்பூல் பாயும் வந்திருந்தார். மாதனூர் பஸ் வந்தது. பெயர் மாறிய படங்களைப் பெட்டி அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சர்வரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. ஆகவே முகங்கள் மெதுவாக வந்தன. வரிசை நீண்டது.

"இன்னாப்பா ஆச்சு, சங்கு ஊதப்போறான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மறுபடியும் புதுசா ஏதோ போட்டிருக்கான், விஜி தம்பி."

"விஜி இருந்தா கேட்டிருப்பா!"

இன்பராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழிலரசியின் முறை வந்தது. "218" என்றாள். ஜான்சன் தட்டினார்.

சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வட்டம் அப்படியே நின்றது.

"இன்பா, யாருமே வர்ல."

"இருங்க அண்ணா. எதையும் அமுக்காதீங்க."

நேற்று வந்ததே? ஏன் வரவில்லை? மூன்று போன்களும் ஒரே நேரத்தில் கேட்டுப் பெட்டியை நெரிக்கின்றனவா, அல்லது அந்தப் பெயரை மட்டும் தப்பாக எழுதிவிட்டானா? எழிலரசி அவனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான். மக்பூல் பாய் உருதுவில் என்னவோ முணுமுணுத்தார். பின்னால் யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள்.

வட்டத்துக்குள் மேலிருந்து கீழாக ஒரு முகம் இறங்கியது. முதலில் வகிடு, பிறகு மிரண்ட கண்கள்.

"நீதாம்மா" என்றார் ஜான்சன். பச்சையை அமுக்கினார்.

எழிலரசி உள்ளே போகவில்லை. எட்டி, திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அய்ய, இதா என் மூஞ்சி? களவாணி மாதிரி கீது. சார், வேற எடுக்க முடியாதா?"

மக்பூல் பாய் சிரித்துவிட்டார். இன்பராஜ் திரையைத் திரும்ப ஜான்சன் பக்கம் திருப்பிவைத்தான். "மத்தியானம் வா" என்றான்.

மதியம் அவள் முகம் கழுவி, தலை வாரி வந்தாள். சுவரோரம் நிற்கவைத்து எடுத்தான். எடுத்த பிறகும் நின்றாள்.

"சார், அந்த அக்கா உங்க அக்காவாமே. லைன்ல சொன்னாங்க." அவன் தலையசைத்தான். "அவங்க சீட்ல ஒரு பக்கம் மட்டும் ஸ்பாஞ்ச் கட்டி வெச்சிருக்காங்க. இடது பக்கம். அது எதுக்குன்னு தெரியல. எடுத்துடவா, இருக்கட்டுமா?"

அக்காவுக்கு இடது பக்கம் வலி இருந்ததா? வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. எத்தனை வருடமாக? அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு எப்படி வசதியோ அப்படி வெச்சுக்கம்மா" என்றான்.

புதுப் படத்தைப் புதுப் பெயரில் ஏற்றினான். கேட்டுக்குப் போய் ஜான்சனைத் தட்டிப் பார்க்கச் சொன்னான். உடனே வந்தது, தலை வாரிய எழிலரசி, லேசான சிரிப்போடு. இனி எத்தனை தடவை மாற்றினாலும் வரும். வேலை முடிந்தது.

மேசைக்கடியில் பச்சை விளக்கு மினுக்கியது. உள்ளே பச்சைப் புடவைக்காரி கையை ஓங்கியபடி இன்னும் இருந்தாள். அந்தப் பெயரில் இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஆகஸ்டில் ஒரு வருடம் முடியும்போது பெட்டி தானே அவளை வெளியே தள்ளிவிடும். அதுவரை இருக்கட்டும் என்று விட்டானா, அழிக்க மறந்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்வதற்காக விட்டானா என்பது அவனுக்கும் தெளிவாக இல்லை.

"இன்னா தம்பி தேடற?" என்றார் ஜான்சன்.

"ஒண்ணுமில்ல அண்ணா. ஒரே தூசி" என்று சொல்லி, கைக்குட்டையை எடுத்துப் பெட்டியைத் துடைத்தான்.